மாட்டுக்குச் சோறு ஊத்தாதீங்கன்னு இன்னும் எத்தனை தடவ சொல்றது?

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு மாடு என் கண்ணெதிரே செத்துப்போச்சு. ஜெர்சி கலப்பு, ரெண்டாவது ஈத்து, கன்னு போட்டு 40 நாள்தான் ஆச்சு. பொய்கைச் சந்தையில 60 ஆயிரம் குடுத்து வாங்குனது, அதுவும் மகளிர் குழுவுல கடன் எடுத்து. செத்தது எதனாலன்னு கேக்குறீங்களா? ரெண்டு குண்டான் கூழும் ஒரு அன்னக்கூடை சோறும்.

குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்துல டாக்டரா வேலை பாக்குறேன். ஆடி மாசம் வந்தாலே எனக்கு வயித்துல புளியக் கரைக்கும். அம்மன் கோயிலுக்குக் கோயில் கூழ் ஊத்துவாங்க, சோறு ஆக்குவாங்க. மிஞ்சினது எங்க போவும்? மாட்டுத் தொட்டிக்குத்தான். வைகாசியில கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிஞ்ச மறுநாளும் இதே கதை. மாட்டுப் பொங்கல் அன்னிக்குக் கேக்கவே வேணாம், கொம்புக்குப் பெயின்ட் அடிச்சு, மாலை போட்டு, கும்பிட்டு, பானைப் பொங்கலையும் அதுக்கே ஊட்டிடுவாங்க. மறுநாள் காலைல என் போன் நிக்காது.

நேத்து நடந்ததக் கேளுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூழும் சோறும் மிஞ்சியிருக்கு. அந்த மாட்ட வளத்த ஆயா எல்லாத்தையும் தொட்டியில ஊத்தியிருக்காங்க. மாடு ஆசையா வழிச்சு நக்கிக் குடிச்சிருக்கு. திங்கக்கிழமை காலைல மாடு அச போடல. பல்லை நறநறன்னு கடிச்சிருக்கு. சாணி தண்ணியா, புளிச்ச நாத்தத்தோட போயிருக்கு. அப்பவே ஒரு போன் போட்டிருந்தா நான் ஓடி வந்திருப்பேனே!

என்ன பண்ணாங்க தெரியுமா? முதல்ல வெத்தலையும் மிளகும். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாருன்னு ஒரு கோலி சோடா. அதுக்கப்புறம் நாக்க வெளிய இழுத்துப் பிடிச்சு நல்லெண்ணெய். நாக்க இழுத்துப் பிடிச்சா மாடு எப்படிங்க விழுங்கும்? புரையேறி எண்ணெய் நுரையீரலுக்குப் போனா அது தனியா ஒரு சாவு. மத்தியானம் ஊசி போடுறவர் ஒருத்தர் வந்து ரெண்டு ஊசி போட்டு, 500 ரூபா வாங்கிட்டுப் போயிருக்காரு. என்ன மருந்துன்னு கேட்டா யாருக்கும் தெரியல. எனக்குப் போன் வந்தப்ப சாயங்காலம் ஏழு மணி.

நான் போறப்ப மாடு படுத்துட்டு, தலைய வயித்துப் பக்கமா திருப்பி வச்சிருந்தது. கண்ணு குழி விழுந்து கிடக்கு. காதத் தொட்டா சில்லுனு இருக்கு. இடது பக்கம் வயித்துல கைய வச்சு அழுத்துனா தண்ணிக்குடம் மாதிரி களக் களக்குங்குது. வாய் வழியா வயித்துக்குக் குழாய் விட்டேன். பழுப்பு நிறத்துல, நுரையோட, காடியா புளிச்ச தண்ணி பக்கெட்டுல கொட்டுது. நடுவுல நொய் அப்படியே முழுசு முழுசா. அமிலம் எவ்வளவுன்னு காட்டுற பிஹெச் தாள நனைச்சுப் பாத்தேன், எண் குறையக் குறைய அமிலம் அதிகம். நல்லா இருக்குற மாட்டுக்கு 6லேர்ந்து 7 வரைக்கும் இருக்கணும். தாள் ஆரஞ்சு நிறத்துக்கு மாறிடுச்சு, 5க்கும் கீழ. அமிலத்த முறிக்கிற சோடா பைகார்ப் ஏத்துனேன், பாட்டில் பாட்டிலா டிரிப்ஸ் ஏத்துனேன். நாலு மணி நேரம் போராடியும் காப்பாத்த முடியல.

ஆயா அதும் தலைய மடியில வச்சுக்கினு சொன்னாங்க: "இன்னா நைனா பண்றது, ஆத்தாளுக்கு ஊத்துன கூழு, கீழ கொட்ட மனசு வரல. வாயில்லாத ஜீவன் குடிக்கட்டும்னு ஊத்திட்டேன்." அந்த அம்மா மேல எனக்குத் துளி கோவம் இல்ல. சோத்தக் கீழ கொட்டக்கூடாதுன்னு வளந்தவங்க. கோவமெல்லாம், சுத்தி நின்னு "ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாது"ன்னு ஒரு பகல் முழுக்கச் சொன்னாங்களே, அவங்க மேலதான்.

ஆவும்ங்க! மாட்டோட பெருவயிறு வைக்கோலும் புல்லும் செரிக்கிறதுக்கு உண்டானது. அதுக்குள்ள கோடிக்கணக்குல நுண்ணுயிர் இருக்கு, அதுங்கதான் நாரைச் செரிச்சு மாட்டுக்குத் தீனியாக்குதுங்க. வெந்த சோறு மொத்தமா உள்ள போனா சில மணி நேரத்துலயே புளிச்சு அமிலமாயிடும். அந்த அமிலத்துல நல்ல நுண்ணுயிரெல்லாம் செத்துடும். ரத்தத்துல இருக்குற தண்ணியெல்லாம் வயித்துக்குள்ள இழுத்துக்கும். அதனாலதான் வயிறு களக்குங்குது, கண்ணு குழி விழுது. அப்புறம் அமிலம் ரத்தத்துலயும் கலந்துடும். பொழச்சு வந்த மாடும் பழைய மாடா இருக்காது. குளம்பு வீங்கி நொண்டும், பால் பாதியாயிடும்.

"எங்க பாட்டி காலத்துல கழனித்தண்ணி வைக்கலியா"ன்னு மட்டும் கேக்காதீங்க. வச்சாங்க. கழனித்தண்ணியில நாலு பருக்கை கிடந்தா ஒண்ணும் ஆவாது. அன்னிக்கு வீட்டுல சோறு மிஞ்சுச்சா? மனுசனுக்கே களியும் கூழும்தான், அதுவும் அளந்து. இன்னிக்கு ரேஷன்ல 20 கிலோ அரிசி சும்மா கிடைக்குது. வீட்டுல யாரும் சாப்புடுறது இல்ல, கஞ்சி காச்சி ஊத்துனா பால் ஏறும்னு யாரோ சொன்னத நம்பி குண்டான் குண்டானா ஊத்துறாங்க. போன மாசம் ஒரு பையன் கே.வி.குப்பம் சந்தையில வாங்குன ரெண்டு ஆட்ட டிவிஎஸ்ல வச்சு என்கிட்ட வைத்தியத்துக்குக் கொண்டாந்தான். ரேஷன் அரிசி மூட்டைய அவுத்து ராத்திரி பூரா தின்னுருக்குதுங்க. ஒண்ணு வழியிலயே செத்துடுச்சு.

கல்யாண மண்டபத்துக்குப் பின்னால எச்சில் இலையோட பிளாஸ்டிக் கவரையும் சேத்துக் கொட்டுறத எழுதுனா இன்னொரு பதிவு வேணும். 2019 ஜனவரி 1லேர்ந்து தடை. மாட்டு வயித்தக் கிழிச்சா இன்னும் மூட்டையா வருது.

ராணிப்பேட்டையில 1932லேர்ந்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் தடுப்பு மருந்து தயாரிக்கிற நிலையம் இருக்கு. அடைப்பானுக்கு ஊசி இருக்கு, சப்பை நோய்க்கு இருக்கு, தொண்டை அடைப்பானுக்கு இருக்கு. அண்டாச் சோத்துக்கு ஊசி கிடையாதுங்க! அதத் தடுக்க வேண்டியது தொட்டிகிட்ட நிக்கிற ஆளுதான்.

தெரியாம தின்னுடுச்சா, கட்ட அவுத்துட்டுப் போயித் தின்னுடுச்சா, அச போடுதா இல்லையான்னு காத்துக்கினு இருக்காதீங்க. உடனே போன் பண்ணுங்க. ராத்திரி ரெண்டு மணியானாலும் எனக்குப் பண்ணுங்க, திட்ட மாட்டேன். நான் வர்றதுக்குள்ள என்ன குடுக்கணும், எவ்வளவு குடுக்கணும்னு போன்லயே சொல்றேன். நான் எடுக்கலன்னா 1962க்கு அடிங்க, கால்நடை ஆம்புலன்ஸ், காசு கிடையாது. அது வரைக்கும் வாயில எண்ணெயும் ஊத்தாதீங்க, கோலி சோடாவும் ஊத்தாதீங்க.

அந்த 40 நாள் கன்னுக்குட்டிக்கு இன்னிக்குக் காலைல புட்டிப்பால் எப்படிக் குடுக்கணும்னு ஆயாவுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வந்தேன். ரப்பரை வாயில வாங்கவே மாட்டேங்குது, தாய் கட்டியிருந்த முளைக்குச்சியையே மோந்து மோந்து பாக்குது.

வர்ற ஞாயித்துக்கிழமை எங்க மருந்தகம் இருக்குற ஊர்ல கூழ் ஊத்துறாங்க. தர்மகர்த்தாவப் பாத்துப் பேசிட்டேன். மைக்செட்டுல பாட்டுக்குப் பாட்டு நடுவுல அறிவிக்கச் சொல்லியிருக்கேன், நானும் அண்டா பக்கத்துலயே நிப்பேன். மிஞ்சினத எருக்குழியில கொட்டுங்க.