கல்லூரிப் பதிவு வேறு, பாட அங்கீகாரம் வேறு

உயர்கல்வி அமைச்சில் பதிவு பெற்ற தனியார் கல்லூரி என்றால் அதன் எல்லா டிப்ளோமாக்களும் அங்கீகாரம் பெற்றவையே என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். கோலாலம்பூரில் சைபர் பாதுகாப்பும் கிளவுட் நெட்வொர்க்கிங்கும் படிக்க இடம் தேடும் நம் பிள்ளைகளை எண்ணி, இதைப் பணிவுடன் திருத்த விரும்புகிறேன். பதிவு கல்லூரிக்கு உரியது, அங்கீகாரமோ, மலேசியாவின் கல்வித் தகுதி முகமையான எம்.கியூ.ஏ. ஒவ்வொரு பாடத்திட்டத்தையும் தனித்தனியே ஆய்ந்து வழங்குவது. ஆகவே, ஒரே கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமா முழு அங்கீகாரம் பெற்றிருக்க, புதிதாகத் தொடங்கிய சைபர் பாதுகாப்பு டிப்ளோமா தற்காலிக அங்கீகாரத்திலேயே இருக்கக்கூடும். எம்.கியூ.ஏ. இணையத்தளத்திலுள்ள தகுதிப் பதிவேட்டில் கல்லூரியின் பெயரை இட்டுத் தேடி, அங்குள்ள பாடத்தின் முழுப்பெயரும் விளம்பரத் தாளில் அச்சிட்ட பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.