பக்கத்து எல்லையின் லைன்

எங்காவது பெரிய மின்தடை வந்துவிட்டால் போதும், "எல்லா டேட்டாவையும் ஒரே இடத்தில் குவியுங்கள், ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

2003 ஆகஸ்ட் 14. அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போன நாள். லைன் மரத்தில் உரசியதும் அலாரம் மென்பொருள் படுத்துவிட்டதும் பலருக்குத் தெரியும். எனக்கு உறுத்துவது வேறொன்று. பல மாநிலங்களின் கிரிட்டைக் (மின் லைன்களின் வலைப்பின்னலை) கவனித்துவந்த ஒரு மையத்தில் 'நிலை மதிப்பீடு' என்ற கணக்கு ஓடும். துணைமின் நிலையங்கள் அனுப்பும் அரைகுறை அளவீடுகளை வைத்து, எங்கே எவ்வளவு மின்னழுத்தம், எந்த லைனில் எவ்வளவு சுமை என்று அதுதான் சொல்லும். அன்று ஒரு லைன் நின்ற தகவல் வராததால் விடை வரவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடுவதை நிறுத்திவிட்டுக் கையால் திருத்தினார்கள். சரியானது. அப்புறம் மறுபடி ஆன் செய்ய மறந்து, அந்த ஊழியர் சாப்பிடப் போய்விட்டார். (நானாக இருந்தாலும் மறந்திருப்பேன்.) மதியம் 2.40 வாக்கில் தெரிந்து ஓடவிட்டால் மறுபடியும் விடை வரவில்லை. 2.02-க்கே டிரிப் ஆகியிருந்த (தானாகத் துண்டித்துக்கொண்ட) இன்னொரு லைன்தான் காரணம். அது பக்கத்து எல்லையில் இருந்தது, அதன் நிலவரம் இந்தக் கணக்கோடு இணைக்கப்படவே இல்லை. முழுதாகச் சரியானபோது மணி 4.04. அடுத்த பத்து நிமிடத்துக்குள் கிரிட் சரிந்துவிட்டது.

ஒரு மூலையில் ஒரு லைன் தப்பினால் மொத்தக் கணக்கும் படுக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: ஒவ்வொரு பகுதியும் தன் கணக்கைத் தானே போடட்டும். எல்லையில் உள்ள மின்னழுத்தத்தையும் அதன் கோணத்தையும் (மாறுமின் அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை) மட்டும் அடுத்தவரோடு பரிமாறி, இரண்டு விடையும் ஒத்துவரும்வரை சில சுற்று திருத்திக்கொள்ளட்டும். ஒத்துவரவில்லை என்றால் கோளாறு எந்தப் பக்கம் என்றாவது தேட முடியும். இதற்கு உதவ, ஜிபிஎஸ் நேரத்தோடு விநாடிக்குப் பலமுறை கோணத்தை அளக்கும் பேசர் கருவிகள் 1980களின் கடைசியிலேயே வந்துவிட்டன.

ஆனால் இந்த முறையைப் பரிந்துரைப்பவர்களும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். 2006 நவம்பர் 4 இரவு, எம்ஸ் ஆற்றில் ஒரு கப்பல் கடப்பதற்காக ஜெர்மனியில் 380 கிலோவோல்ட் லைனை நிறுத்தினார்கள். சுமை வேறொரு லைனுக்குத் தாவியது. அதன் இரண்டு முனையும் இரண்டு நிறுவனங்களிடம். ஒரு முனையில் ரிலே (மின்னோட்டம் அளவு மீறினால் லைனைத் துண்டிக்கவைக்கும் கருவி) 3,000 ஆம்பியரில் டிரிப் ஆகும், மறுமுனையில் 2,100. இந்த வித்தியாசம் முதல் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியாது. சுமை குறையும் என்று நம்பி, கணக்குப் போட்டுப் பார்க்காமலே துணைமின் நிலையத்தில் பஸ்பார்களை (லைன்கள் வந்து சேரும் பொதுக் கடத்திகளை) இணைத்தார்கள். சுமை கூடியது, லைன் டிரிப் ஆனது, ஐரோப்பிய கிரிட் மூன்று துண்டானது.

என்னைக் கேட்டால், எல்லை லைன் ஒவ்வொன்றின் இருமுனை ரிலே அளவையும் இரண்டு கட்டுப்பாட்டு அறைகளின் திரையிலும் கொண்டுவருவதுதான் முதல் வேலை. அல்காரிதத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.