கிறுக்கு இருக்கும்போது ஓசிடி எதற்கு?

சட்டைகளை நிறவாரியாக அடுக்கி வைப்பவர் "எனக்குக் கொஞ்சம் ஓசிடி" என்கிறார். சுவரில் படம் கோணலாகத் தொங்கினால் எழுந்துபோய் நிமிர்த்துபவரும் அதையே சொல்கிறார். ஒரு மனநோயின் பெயரை இப்படிச் சொல்வதைக் கேட்கக் கேட்க எரிச்சலாக இருக்கிறது.

இதற்கென்றே நம்மிடம் கிறுக்கு என்ற அருமையான சொல் இருக்கிறது. "பெரியப்பாவுக்குப் பழைய ரேடியோ என்றால் ஒரு கிறுக்கு" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பெரியப்பாவே பெருமையாகச் சிரிப்பார். அந்த 'ஒரு'வில்தான் சூட்சுமம். அதை எடுத்துவிட்டுக் 'கிறுக்கன்' என்றால் வசைதான், மறுக்கவில்லை. திருநெல்வேலியின் கோட்டியும் இப்படி இரு பக்கமும் பேசும். யாழ்ப்பாணத்தின் விசர் இன்னும் விசேஷம்: வெறிநாயை விசர்நாய் என்கிற ஊர், நல்லூர்த் தேரடியில் இருந்த சித்தரையும் விசர்ச் செல்லப்பர் என்றே சொல்லி வணங்கியது. சிவனையே 'பித்தா' என்று விளித்துத் தேவாரம் பாடத் தொடங்கிய சுந்தரர் வழி வந்த மொழி அல்லவா!

ஓசிடிக்கு இந்த நெகிழ்வு கிடையாது. அது ஒரு நோயின் பெயர். எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் சொல்கிறார்கள். காஸ் அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும், ஒருமுறை பார்த்தால் தீர்ந்துவிடும். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பார்த்த பிறகும் தீராது. தோல் உரியும்வரை கை கழுவுகிறவருக்கு, அது வீண் என்பது பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். ஆனாலும் நிறுத்த முடியாது. சிலரிடம் வெளியே எதுவுமே தெரியாது. பெற்ற குழந்தையை நானே கத்தியால் குத்திவிடுவேனோ என்ற எண்ணம் ஒரு தாயை நாள் முழுக்க அரித்துக்கொண்டிருக்கும். அப்படிச் செய்ய அவருக்குத் துளியும் விருப்பமில்லை. அதனால்தான் அவ்வளவு நடுக்கம். நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போகிறதா, அன்றாட வேலை கெடுகிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். சட்டை அடுக்குபவருக்கு அடுக்கி முடித்ததும் மகிழ்ச்சி. இவர்களுக்கு எதை முடித்தாலும் மகிழ்ச்சி வருவதில்லை.

அந்தத் தாய் எப்படியோ துணிந்து வாய் திறக்கிறார் என்று வையுங்கள். "அட, எனக்கும் ஓசிடிதான், பீரோவைப் பார்த்தால் தெரியும்" என்று பதில் வந்தால் மறுபடி பேசுவாரா?

பேசினால் வழி இருக்கிறது. அஞ்சுவதை எதிர்கொண்டு, கை கழுவுவது போன்ற பழகிய சடங்கைச் செய்யாமல் பொறுத்திருக்கப் படிப்படியாகப் பயிற்சி தருகிறார்கள், மாத்திரைகளும் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இந்த நோய்க்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. முதலில் யாரிடமாவது பேசினால் போதும் என்பவர்கள், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.