பாடவேளையைத் தின்னும் கைக்கணினி

அரசு நடுநிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் எனக்குக் கைக்கணினியின் (டேப்லெட்) மீது எந்தப் பகையும் இல்லை. பாடம் நடத்துவதற்கென்று அரசு கொடுத்த கருவியை, நான் பாடம் நடத்தினேன் என்பதற்குச் சான்று திரட்டும் கருவியாக மாற்றிவிட்டார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதல் பாடவேளையில் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து முடிப்பதற்குள் வாட்ஸ்அப் குழுவில் நிலுவைப் பட்டியல் வந்து விழுகிறது. வருகையைப் பதிவேற்றாத பள்ளிகளின் வரிசையில் எங்கள் பள்ளியின் பெயர் சிவப்பில் இருக்கிறது. செயலியைத் திறந்தால் புதிய பதிப்பை நிறுவச் சொல்கிறது. நிறுவினால் கடவுச்சொல் தவறு என்கிறது. அதையும் மாற்றிக்கொண்டு உள்ளே போனால், எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் அதையே செய்துகொண்டிருப்பதால், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு சத்தம் போடத் தொடங்குவார்கள். அந்தச் சத்தத்துக்கும் நான்தான் பொறுப்பு!

வருகையோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. உயரம், எடை, காலணி அளவு, இரத்த வகை, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் என்று சென்ற ஆண்டு கொடுத்ததையே இந்த ஆண்டும் கொடுக்க வேண்டியிருக்கிறது. இவை எல்லாவற்றையும் விஞ்சியது பெற்றோரின் கைப்பேசி எண்ணைச் சரிபார்க்கும் ஓடிபி. நூறு நாள் வேலையில் இருக்கும் ஒரு தாயை அழைத்து, வந்திருக்கும் எண்ணைச் சொல்லுங்கள் அம்மா என்று கேட்டால், "யாரு கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க சார்" என்கிறார். அவர் சொல்வதுதானே சரி! அவருக்கு விளக்கி, அவர் பக்கத்திலிருப்பவரிடம் கைப்பேசியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, எண் வந்து சேரும்போது அதன் காலம் முடிந்திருக்கும். மறுபடியும் முதலிலிருந்து.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய பணிகளைத் தவிர வேறு எந்தக் கல்விசாராப் பணிக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று அதன் 27ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே எங்களை எங்கும் அனுப்பவில்லை. பணியையே வகுப்பறைக்குள் அனுப்பிவிட்டார்கள். சட்டத்துக்கும் பங்கமில்லை, பாடம் மட்டும் நடப்பதில்லை.

இத்தனைக்கும் அந்தக் கருவியால் எவ்வளவோ செய்ய முடியும் என்பதுதான் என் ஆத்திரத்தைக் கூட்டுகிறது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கணிதப் பாடங்களோடு "இணையச் செயல்பாடு" என்ற பகுதி இருக்கிறது. அதிலுள்ள குறியீட்டை வருடினால் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளின் பக்கம் திறக்கும். முக்கோணத்தின் ஒரு முனையை விரலால் இழுக்க இழுக்க மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே போகும், கூடுதல் மட்டும் 180 பாகையை விட்டு அசையாது. காகித முக்கோணத்தின் முனைகளைக் கிழித்து ஒட்டியும் இதைக் காட்டலாம், காட்டுகிறேன். ஆனால் காகிதத்தில் ஒரு முக்கோணத்துக்கு ஒரு முறைதான் காட்ட முடியும். திரையில் மாணவி தானே இழுத்துப் பார்த்து, "எப்படி இழுத்தாலும் மாற மாட்டேங்குதே சார்" என்று சொல்லும்போது, நிரூபணத்தைக் கேட்க அவள் தயாராகிவிடுகிறாள். அந்த இடத்துக்கு வகுப்பைக் கொண்டுவருவதற்குள் மதிப்பீட்டு வினாவைப் பதிவேற்றச் சொல்லி அடுத்த செய்தி வந்துவிடும். காணொளியாவது காட்டலாம் என்றால், அறிவியல் பாடத்தில் செல் பிரிவதைப் பார்க்க உட்கார்ந்த பிள்ளைகள் முதலில் நகைக்கடன் விளம்பரத்தைப் பார்க்க வேண்டும்.

பயிற்சி என்று அழைத்தார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் பதிவேறும் என்று நாள் முழுவதும் சொல்லிக்கொடுத்தார்கள். இதை வைத்துப் பின்னத்தை எப்படி நடத்துவது, ஒரே திரையை ஒரு வகுப்பே பார்ப்பது எப்படி என்று கேட்டவருக்கு, அதற்குத் தனிப் பயிற்சி வரும் என்று பதில் வந்தது, இன்னும் வரவில்லை.

தரவு வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறோம். ஆனால் மாலை மணி அடித்த பிறகு கேளுங்கள், ஒருமுறை கொடுத்ததைத் திரும்பக் கேட்காதீர்கள், ஓடிபி வாங்கும் வேலையை ஆசிரியர் தலையில் கட்டாதீர்கள். ஜியோஜீப்ராவை இணையமில்லாமலும் இயங்கும்படி நிறுவிக்கொள்ள முடியும். காணொளிகளையும் விளம்பரமின்றிக் கருவியிலேயே ஏற்றித் தர முடியும். அதைச் செய்து கொடுத்துவிட்டு, வகுப்பு நேரத்தில் அந்த வாட்ஸ்அப் குழுவை மட்டும் மூடி வையுங்கள்.