விலை குறைந்த ரெட் வைன்: பெரிய பெயரை விடுங்கள், புளிப்பையும் துவர்ப்பையும் பாருங்கள்

ரெட் வைன் வாங்கும்போது பலர் கையில் இருக்கும் காசுக்கு அகப்படும் மலிவான போர்தோவையோ பர்கண்டியையோ எடுத்துவிடுகிறார்கள். இரண்டும் பிரான்சின் பெயர் பெற்ற வைன் பகுதிகள். லேபிளில் பெரிய பெயர் இருக்கிறதே என்ற நம்பிக்கைதான். காசு வீணாவது பெரும்பாலும் அங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. பெயர் பெற்ற ஊரில் நிலமும் விலை, பெயரும் விலை. அங்கிருந்து அடிமட்ட விலையில் வரும் பாட்டிலில் சுவை மெலிந்திருக்கும், துவர்ப்பு மட்டும் முன்னால் நிற்கும். அதே காசைக் கொஞ்சம் பேச்சு அடிபடாத ஒரு பகுதியில் போட்டால், அந்தப் பகுதியின் நல்ல வைனே கிடைத்துவிடும்.

இன்னொன்று ஓக், அதாவது வைனை ஊற்றிப் பழகவைக்கும் பீப்பாயின் மரம். 225 லிட்டர் பீப்பாய் ஒன்றிலிருந்து சுமார் 300 பாட்டில்தான் வரும். புதுப் பீப்பாயின் விலை அந்த 300 பாட்டில் தலையிலும் விழும். அதனால் மிக மலிவான வைனில் வெனிலா மணமும் கருகிய மர மணமும் தூக்கலாக இருந்தால், பெரும்பாலும் ஓக் சில்லுகளை ஊறவைத்திருப்பார்கள். அந்த விலையில் எஃகுத் தொட்டியிலோ சிமென்ட் தொட்டியிலோ செய்த, ஓக் படாத வைனே மேல். பழச்சுவை மூடப்படாமல் வரும்.

இதற்கு விதிவிலக்கு ஸ்பெயினின் ரியோஹா. அங்கே லேபிளில் கிரியான்சா என்று போட வேண்டுமானால் வைன் குறைந்தது 2 வருடம் பழகியிருக்க வேண்டும், அதில் 1 வருடமாவது ஓக் பீப்பாயில். ரெசெர்வாவுக்கு 3 வருடம். பாட்டிலின் பின்னால் ஒட்டியிருக்கும் முத்திரையைப் பாருங்கள்: கிரியான்சாவுக்குச் சிவப்பு, ரெசெர்வாவுக்குக் கருஞ்சிவப்பு, கிரான் ரெசெர்வாவுக்கு நீலம். காத்திருக்கும் செலவைத் தயாரிப்பாளரே ஏற்றுக்கொண்டு, குடிக்கும் பதத்தில் விற்கிறார். அடுப்பில் வாட்டிய ஆட்டிறைச்சிக்கும் வெண்ணெயில் வதக்கிய காளானுக்கும் கிரியான்சாவைவிடப் பொருத்தமான மலிவு வைன் அதிகம் இல்லை.

அதே ஸ்பெயினில் கலதாயுத், காம்போ தே போர்ஹா பகுதிகளின் கர்னாச்சா திராட்சை வைனும் காசுக்கு மேல் தரும். ஆனால் லேபிளில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள், 14.5, 15 சதவீதம் சாதாரணம். சாஸேஜ், தீயில் சுட்ட இறைச்சி என்றால் சரி. தட்டில் மிளகாய் இருந்தால் வேண்டாம்.

இனி உணவுப் பக்கம். ரெட் வைனில் இரண்டைக் கவனித்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது: புளிப்பு, துவர்ப்பு. துவர்ப்பு என்பது திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின். அது எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாய் வறண்டு இழுக்கிறது. கொழுப்பும் புரதமும் உள்ள இறைச்சியைச் சேர்த்துச் சாப்பிட்டால் அந்த இழுப்பு அடங்கும். கொழுப்போடிய மாட்டிறைச்சிக்கு அர்ஜென்டினா மெண்டோசாவின் மால்பெக் திராட்சை வைன் ஊருக்கே தெரிந்த ஜோடி, அதை விளக்க வேண்டியதில்லை.

தக்காளிதான் பலர் சறுக்கும் இடம். தக்காளி சாஸ் பாஸ்தா, பீட்சா இரண்டிலும் புளிப்பு அதிகம். உணவைவிட வைனில் புளிப்பு குறைந்தால் வைன் சப்பென்று ஆகிவிடும். கனமான, பழுத்த மால்பெக்கே தக்காளிக்கு முன்னால் உயிரில்லாமல் போகும். இங்கே தேவை இத்தாலியின் அஸ்தி பகுதியில் பார்பெரா திராட்சையில் செய்யும் பார்பெரா தாஸ்தி. புளிப்பு நிறைய, துவர்ப்பு குறைவு. ஒரு வாய் பாஸ்தா, ஒரு மடக்கு பார்பெரா என்று மாற்றி மாற்றிப் பாருங்கள்: தக்காளியின் புளிப்பு இனிப்புப் பக்கம் நகரும், வைனின் செர்ரிச் சுவை மேலே வரும். அது கிடைக்காவிட்டால் அதே இத்தாலியின் மோன்டெபுல்சியானோ தாப்ருட்ஸோ. இறைச்சி சேர்ந்த சாஸுக்கு இது இன்னும் பொருந்தும். பெயரில் மட்டும் கவனம். இதில் மோன்டெபுல்சியானோ திராட்சை ரகம். வீனோ நோபிலே தி மோன்டெபுல்சியானோ என்ற வைனிலோ மோன்டெபுல்சியானோ டஸ்கனியில் உள்ள ஊரின் பெயர்; அந்த வைனில் முக்கியத் திராட்சை சான்ஜியோவேஸே, விலையும் மேலே.

சிலியின் கார்மெனேர் திராட்சை வைனைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1994 வரை அந்தத் திராட்சையை மெர்லோ என்ற வேறு ரகம் என்றே நினைத்து வளர்த்தார்கள். அதில் குடைமிளகாய் மணம் இயல்பாகவே உண்டு. சுட்ட குடைமிளகாய், கத்தரிக்காய், பச்சை மூலிகை தடவிய இறைச்சி ஆகியவற்றோடு அந்த மணம் சேர்ந்துகொள்ளும். வெறுமனே குடித்தால் சிலருக்குப் பிடிக்காது.

மீனுக்கு ரெட் வைன் ஆகாது என்பது பாதி உண்மை. வைனில் உள்ள இரும்புச்சத்து மீன் கொழுப்போடு சேரும்போது கவிச்சி வாடை எழுகிறது, கடும் துவர்ப்பு அதற்கு மேல் உலோகச் சுவையைக் கூட்டும். சால்மன், சூரை போன்ற சதைப்பற்றுள்ள மீனைச் சுட்டு, துவர்ப்பு குறைந்த பிரெஞ்சு வைனான போஜொலே வில்லாஜைக் குளிரவைத்துக் கொடுத்தால் நன்றாகவே போகும். இது காமே திராட்சையில் செய்வது. மிளகாய்க் காரத்துக்கும் இதுவே என் தேர்வு, ஏனென்றால் ஆல்கஹால் கூடக்கூடக் காரமும் எரிச்சலாக ஏறும். 13 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது.

வாங்கிய வைன் முரட்டுத்தனமாக இழுத்தால் கொட்ட வேண்டாம். தட்டில் உள்ள உணவில் ஒரு சிட்டிகை உப்பும் சில சொட்டு எலுமிச்சையும் சேர்த்துவிட்டு மறுபடி குடியுங்கள். கசப்பும் புளிப்பும் இறங்கியது உடனே தெரியும். உணவில் இனிப்பு இருந்தால் இது தலைகீழ். அதனால்தான் சாக்லேட்டோடு வழக்கமான ரெட் வைன் கசக்கிறது. சீஸிலும் கெட்டியான, பழகிய வகையே பாதுகாப்பு. நீலச் சீஸுக்கு இவற்றில் எதுவும் வேண்டாம்.

நல்ல வைனைக் கெடுப்பதில் சூட்டுக்குத்தான் முதலிடம். அறை வெப்பத்தில் வைத்துக் குடிக்கச் சொன்னது குளிர்ந்த கல் வீடுகளின் காலத்தில். கனமான ரெட்டுக்கு 16 முதல் 18 டிகிரி, போஜொலே போன்றதற்கு 12 முதல் 14. 25 டிகிரியில் ஆல்கஹால் மூக்கைக் குத்தும், பழச்சுவை தொளதொளவென்று இருக்கும். கனமானதை அரை மணி நேரமும், மெல்லியதை ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஃபிரிட்ஜில் வையுங்கள். அவசரமென்றால் வாளியில் ஐஸோடு தண்ணீரும் ஊற்றி அதில் வையுங்கள். வெறும் ஐஸைவிட வேகமாகக் குளிரும்.

நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது கார்க்கினால் வந்த கெடுதல். காற்றோட்டத்தில் வைத்தாலும் போகாது, உடல்நலத்துக்குக் கேடும் இல்லை; பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள். திருகு மூடி போட்டதில் இந்தத் தொல்லை மிகவும் அரிது, அதை மலிவு என்று ஒதுக்காதீர்கள்.

750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். பாதிதான் வேண்டுமென்றால், திறந்தவுடனே சுத்தமான 375 மில்லி பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குடித்து மிஞ்சியதைக் கடைசியில் ஊற்றி வைப்பதைவிட இது நல்லது, காற்றுப் படும் நேரம் குறையும். துவர்ப்புள்ள இளம் வைன் மூன்று நான்கு நாள் தாங்கும், போஜொலேயை மறுநாளே முடித்துவிடுங்கள்.