பிரசவ லீவு கேட்டவளிடம் விலகல் கடிதம் வாங்கினார்கள்

நேற்று கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு இது ஐந்தாம் மாதம். "அடுத்த மாசத்தோட நின்னுக்கலாம்னு இருக்கேனுங்க்கா, குழந்தை பொறந்து ஒரு வருஷம் கழிச்சு வேற கம்பெனி பாத்துக்கலாம்" என்றாள். லீவு கேட்டாயா என்றேன். "லீவா, நமக்கெல்லாமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். ராத்திரி முழுக்க எனக்கு அதே நினைப்பு, அதனால்தான் எழுதுகிறேன்.

2018இல் நானும் இப்படித்தான் இருந்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, செக்கிங்கில் நான்கு வருடம். ஏழாம் மாதத்தில் போய் லீவு கேட்டேன். மேனேஜர் கோபப்படவே இல்லை. சேர் போட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதச் சொன்னார். "பிரசவம் முடிஞ்சு வாம்மா, உனக்கு எப்பவும் இங்க வேலை உண்டு." நானும் நம்பி எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எங்கள் வீதியில் தொழிற்சங்கத்துத் தோழர் ஒருவர் இருந்தார். விஷயம் தெரிந்து வீட்டுக்கே வந்து, சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். சாமி படத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தேன். தரையில் ஒவ்வொன்றாகப் பரப்பி, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் என்ற வரியை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "இதுல கம்பெனி கையில இருந்து ஒரு பைசா போகாதும்மா, ஈ.எஸ்.ஐ.தான் தரும். அவங்க உன் வேலைய வச்சிருந்தா போதும்" என்றார். மறுநாள் நான்கு பேர் என்னோடு கம்பெனிக்கு வந்தார்கள். சத்தமெல்லாம் போடவில்லை. அரை மணி நேரத்தில் நான் எழுதிய கடிதம் என் கைக்கே திரும்பி வந்துவிட்டது. நான் தனியாகப் போனபோது கொடுத்த அதே சேர்தான், அதே மேனேஜர்தான்.

அதற்கப்புறம்தான் சட்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிரசவ காலச் சட்டம் 1961லேயே வந்தது, 2017இல் 12 வாரத்தை 26 வாரமாக்கினார்கள். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். ஈ.எஸ்.ஐ. என்றால் முந்தைய இரண்டு சந்தாக் காலத்தில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) 70 நாள் சந்தா போயிருக்க வேண்டும். கர்ப்பம் கலைந்தால் 6 வாரம். பிரசவ லீவில் இருப்பவளை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், நாளைக்கு நான்கு முறை தாய் போய்ப் பார்த்து வரலாம். வேலைக்குச் சேரும்போதே இதையெல்லாம் எழுத்தில் தர வேண்டும் என்றும் 2017 திருத்தம் சொன்னது. பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அப்படி ஒரு தாள் என் கைக்கு வந்ததே இல்லை.

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் லீவு. அதற்கு முன் 9 மாதம், அதற்கும் முன் 6 மாதம். அவர்கள் மேல் எனக்குப் பொறாமை கிடையாது, நல்லா இருக்கட்டும். ஆனால் அங்கே கேட்பதற்குச் சங்கம் இருக்கிறது, பலமாக இருக்கிறது. இங்கே பீஸ் ரேட்டிலும் காண்ட்ராக்டிலும் கிடக்கிற பெண்ணுக்கு முதலாளி யார் என்பதே தெரியாது, அவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

அப்பாக்கள் கதை இன்னும் மோசம். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு, தனியாரில் ஆண்களுக்கு என்று சட்டமே கிடையாது. என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் நைட் ஷிப்டு முடித்து, கையில் நீலச் சாயம் போகாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து பிள்ளையைத் தூக்கினார். இரண்டு நாள் இருந்தார், இரண்டு நாள் சம்பளமும் வருகைப் படியும் போனது. ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருக்கிற கம்பெனிகளில் 26 வாரச் சம்பளமும் முதலாளி தலையில்தான் விழுகிறது, அதனால் கல்யாணமான பெண் என்றாலே எடுக்கத் தயங்குகிறார்கள். ஆணும் லீவில் போவான் என்று ஆகிவிட்டால் இந்தத் தயக்கம் பாதி குறையும் என்பது என் எண்ணம்.

இனி சங்கத்துத் தோழர்களுக்கு. உங்களால்தான் என் வேலை எனக்குத் திரும்பக் கிடைத்தது, அதை மறக்க மாட்டேன். 1984இல் பஞ்சப்படிக்காக, அதாவது அகவிலைப்படிக்காக, இதே ஊரில் 127 நாள் ஸ்டிரைக் நடந்தது, அந்தக் கதையைக் கேட்டுத்தான் இங்கே எல்லோரும் வளர்ந்தோம். ஆனால் நான் பார்த்தவரை சம்பளப் பேச்சுவார்த்தை என்று உட்கார்ந்தால் இத்தனை சதவீதமா அத்தனை சதவீதமா என்பதிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. பிரசவ லீவும் காப்பகமும் கோரிக்கைப் பட்டியலின் கடைசியில் நிற்கின்றன, பேச்சு அதுவரை வருவதே இல்லை. செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் பெரும்பாலும் நாங்கள்தான் நிற்கிறோம், மேஜையில் உட்கார்ந்து பேசுகிறவர்களோ எல்லோரும் அண்ணன்கள். அடுத்த தடவை எங்களில் இரண்டு பேரையாவது கூட்டிப் போங்கள், லீவை மேலே எழுதுங்கள்.

அந்தப் பெண்ணிடம் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே என்று சொல்லியிருக்கிறேன். ஈ.எஸ்.ஐ. நம்பர் கேட்டால் போனில் எங்கேயோ இருக்கிறது என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சம்பளச் சீட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு வருகிறாள், தோழரையும் வரச் சொல்லியாச்சு.