குடும்பப்பெயர் இல்லாத குடும்பம்

இன்று காலை கூரியரில் கடவுச்சீட்டு வந்து சேர்ந்தது. உறையைத் தடவிப் பார்த்தபோதே விளங்கிவிட்டது. விசா ஒட்டியிருந்தால் கூடவே மடித்த தாள் ஒன்று எதற்கு?

அந்தத் தாளைப் பெற்றவர்களுக்கு அதன் அழகை நான் விவரிக்கத் தேவையில்லை. காரணங்கள் எல்லாம் முன்கூட்டியே அச்சடிக்கப்பட்டிருக்கும். நம் தலைவிதிக்குப் பொருத்தமான கட்டத்தில் தேர்தல் வாக்குச்சீட்டைப் போல ஒரு புள்ளடி போட்டுவிடுவார்கள். எனக்கு இரண்டு புள்ளடிகள். பயணத்தின் நோக்கம் நம்பத்தகுந்ததாக இல்லையாம். விசா முடிவதற்குள் நான் அந்த நாட்டைவிட்டு வெளியேறுவேன் என்பதில் நியாயமான ஐயமும் இருக்கிறதாம். எந்த நாடு என்று எழுதமாட்டேன், ஏனெனில் மானங்கெட்டு மறுபடியும் அங்கேதான் விண்ணப்பிக்கப் போகிறேன். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் இருபத்தொன்பதில் ஒன்று, அவ்வளவுதான்.

நோக்கம் என்னவென்றால், அங்கே வாழும் என் தங்கையின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. தாய்மாமன் போய்த் தண்ணீர் வார்க்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லாதபடியால், உறவினரைச் சந்தித்தல் என்பதில் அடையாளமிட்டேன். அங்கே பிடித்தது சனி.

யாழ்ப்பாணத்தில் இரவு பேருந்தில் ஏறி, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் குலுங்கி, விடியப்புறம் கொழும்பு வெள்ளவத்தையில் இறங்கி, உறவினர் வீட்டில் முகம் கழுவிக்கொண்டு விண்ணப்ப நிலையத்துக்குப் போய் அமர்ந்தேன். சற்று நேரத்தில் கைரேகை எடுக்கும் அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்று என் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். அப்பா இறந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. உயிரோடு இருந்த காலத்தில் கொழும்புக்கே இரண்டு தடவைதான் போனவர். அதே பெயருடைய வேறு யாரோ பாக்கியசாலி என்று எண்ணி நான் அக்கம் பக்கம் பார்த்தேன். இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது அருகிலிருந்தவர் என் கடவுச்சீட்டை எட்டிப் பார்த்து, “ஐயா, உங்களைத்தான்” என்றார். அப்பாவுக்காக நான் எழும்பிப் போனேன்.

உள்ளே வெங்காயத் தோட்டத்தில் தேய்ந்த என் விரல்களைக் கண்ணாடியில் நான்கு முறை அழுத்திப் பார்த்து இயந்திரம் ஒருவழியாக ஏற்றுக்கொண்டது. இயந்திரத்துக்கு இருந்த பொறுமை அடுத்த மேசையில் இல்லை.

“சேர், உங்கட சிஸ்டரின்ட சேர்நேம் ஏன் வேற?”

“பிள்ளை, அது அவவின்ர மனுசன்ர பேர்.”

“அப்ப அவரின்ட சேர்நேம் ஏன் வேற?”

“அது அவற்ற அப்பான்ர பேர்.”

அவர் கணினியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சடங்குக்காரியின் பெயரையும் பார்த்தார். அவள் அந்த நாட்டில் பிறந்தவள் என்பதால் அவளுடைய அப்பப்பாவின் பெயர் அவளுக்குக் குடும்பப்பெயராக விழுந்திருக்கிறது. ஆக ஒரே கூரையின் கீழ் தங்கை கணவனின் பெயரையும், கணவன் தன் தந்தையின் பெயரையும், பிள்ளை பாட்டனின் பெயரையும் சுமந்துகொண்டிருக்க, அவர்களைப் பார்க்க என் அப்பாவின் பெயரைச் சுமந்துகொண்டு நான் போக நிற்கிறேன். யாழ்ப்பாணத்தான் எவனுக்கும் இதில் விளங்காதது எதுவும் இல்லை. தகப்பன் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. குடும்பப்பெயர் என்றொரு சாமான் எங்கள் வீடுகளில் இருந்ததே இல்லை. கடவுச்சீட்டில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பதற்காக அப்பாவைத் தூக்கி அங்கே வைத்தோம். முன்னொரு முறை பலாலியில் ஏறிச் சென்னையில் இறங்கியபோது, குடிவரவு மேசையிலிருந்த அதிகாரி என் பெயரைப் பார்த்துக் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அவருடைய சட்டைப் பெயர்ப்பட்டையிலும் தகப்பனின் முதலெழுத்துத்தான் இருந்தது.

நான் சும்மா போகவில்லை. எனதும் தங்கையினதும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை, கிராம அலுவலரின் கடிதம், பிரதேச செயலகத்தின் மேலொப்பம், காணி உறுதி எல்லாம் கொண்டுபோனேன். உறுதியில் ‘பரப்பு’ என்று எங்கள் ஊர் நில அளவு இருக்க, ஒரு பரப்பு பத்துப் பேர்ச் என்று அந்தப் பிள்ளைக்கு வகுப்பும் எடுத்தேன். கட்டணம் 90 யூரோ. மறுத்தாலும் திருப்பித் தரமாட்டார்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேறு. அங்கே செத்துப்போனால் உடலைத் திருப்பி அனுப்பும் செலவும் அதில் அடக்கம். அதாவது பிணமாக ஊர் திரும்புவதற்கு என்னிடம் முத்திரையோடு ஆதாரம் இருக்கிறது. உயிரோடு திரும்புவேன் என்பதைத்தான் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை.

தொண்ணூறுகளில் இந்தக் குடாநாட்டைவிட்டு வெளியேற விடுதலைப் புலிகளிடம் பாஸ் கேட்டு, ஆள்பிணை வைத்துவிட்டுப் போனவர்கள் நாங்கள். பிணை நின்றவரின் முகத்துக்காகவே திரும்பி வந்தோம். இப்போதும் ஒருவரைப் பிணை வைக்கச் சொன்னால் வைத்துவிட்டுப் போவேன். என் மனைவியே சம்மதிப்பார், இரண்டு கிழமை நிம்மதியாக இருக்கலாம் என்று.

1985இல் லக்சம்பேர்க்கின் ஷெங்கன் என்ற சிற்றூரருகே, ஆற்றில் நின்ற கப்பலொன்றில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டுத் தமக்கிடையிலான எல்லைக் காவலைத் தளர்த்தத் தொடங்கினவாம். நல்ல காரியம்தான். அங்கே கழற்றிய படலைகளை எல்லாம் கொழும்பில் அந்த ஒரு மேசைக்கு முன்னால் கொண்டுவந்து பூட்டியிருக்க வேண்டாம்.

நான் இப்படிக் கத்திக்கொண்டிருக்கையில் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை மேலிருந்து ஆறுதலாக வாசித்தார். விளிப்பில் திரு. என்று போட்டு அப்பாவின் பெயரை மட்டும் எழுதியிருந்தார்கள். என் பெயரைக் காணவில்லை.

“இஞ்சருங்கோ, மாமாவுக்கெல்லோ விசா இல்லையெண்டு எழுதியிருக்கிறாங்கள்” என்றார். பிறகு இரண்டாவது புள்ளடியில் விரலை வைத்து, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: “அவர் திரும்பி வாறது ஐமிச்சம்தானே.”